வராதவர்களின் பட்டியல்

கூட்டத்தைப் பார்த்தால் நமக்கெல்லாம் வந்தவர்கள் கண்ணில் படுவார்கள். அவருக்கு வராதவர்கள்தான் படுவார்கள். என்ன பிறவியோ! எங்கள் கம்பவுண்டர் ஆறுமுகத்தின் மகள் கல்யாணம் தென்காசியில் நடந்தது. பந்தியில் உட்கார்ந்து, இலையில் அவியல் விழுவதற்குள் இவர் ஆறுமுகத்தைக் கூப்பிட்டு, "உங்க தம்பியக் காணலியே அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டார். அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சு நின்று ஏழு வருஷம் என்பது தென்காசி முழுக்கத் தெரிந்த சங்கதி. ஆறுமுகத்தின் முகம் விழுந்துபோனது. மனுஷன் சாம்பார் வாளியை வாங்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

"உங்களுக்கு வேற சோலியே இல்லையா சார்? கல்யாண வீட்டுல இதையா கேப்பாங்க?" என்று நான் பல்லைக் கடித்தேன்.

"வந்தவங்கள எல்லாரும் பாக்காங்களே சிஸ்டர். வராதவங்கள யாராவது ஒருத்தர் பாக்க வேண்டாமா?" என்றார். கிண்டல் இல்லை. நிஜமாகவே சந்தேகம் கேட்கிற முகம். அந்த முகத்தை வைத்துக்கொண்டு அவரோடு சண்டையும் போட முடியாது.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. உயிரோடு இருந்தால் அவருக்குப் பிடிக்காது. இல்லாவிட்டால் யாரிடம் கேட்பது? சிவகிரிக்காரர். புள்ளிவிவரம் படித்தவர். அப்படி ஒரு படிப்பு இருப்பதே எங்கள் பக்கத்தில் அப்போது யாருக்கும் தெரியாது. ஜனங்கள் அவரைக் 'கவர் சார்' என்றார்கள். முப்பது வயது இருக்கும். சட்டையின் கழுத்துப் பொத்தானைக்கூடப் போட்டிருப்பார். எனக்கு அவரைவிட ஐந்து வயது கூடுதல். பாளையங்கோட்டையில் நர்ஸ் படிப்பு முடித்துப் பன்னிரண்டு வருஷம் ஊசி குத்திப் பழகிய கை என்னுடையது. வாய் அதைவிடப் பழகியது.

அறுபதுகளின் தொடக்கம். காசநோய்க்கு அதுவரை ஊசிதான். நோயாளி ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து போட்டுக்கொள்ள வேண்டும், மாதக்கணக்கில். புதிதாக ஒரு மாத்திரை வந்திருந்தது. அதை வீட்டிலிருந்தே விழுங்கலாம். மாதம் ஒருமுறை வந்து முகத்தைக் காட்டினால் போதும். இரண்டில் எது ஆளைப் பிழைக்க வைக்கிறது என்று பார்ப்பதற்காகக் குற்றாலத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையம் போட்டார்கள். யாரோ ஒரு பணக்காரர் சீசனுக்கு வந்து தங்கக் கட்டி, பிறகு வராமலே விட்ட பங்களா அது. பெரிய டாக்டர் ஒருவர், கம்பவுண்டர் ஆறுமுகம், நான், இவர். அவ்வளவுதான் நிலையம்.

யாருக்கு ஊசி, யாருக்கு மாத்திரை என்பதை டாக்டர் தீர்மானிக்க முடியாது. பட்டணத்துத் தலைமை அலுவலகத்தில் குலுக்கல் போட்டு ஒரு பட்டியல் எழுதிப் பூட்டி வைத்திருந்தார்கள். அந்தப் பட்டியலைப் பார்த்து, இவரே அங்கே உட்கார்ந்து ஒவ்வொரு சீட்டாக எழுதி, கவரில் போட்டு ஒட்டி, மேலே வரிசையாக எண் போட்டுக் கொண்டுவந்தார். நூற்றுக்கணக்கான கவர்கள், எதில் எது என்று அவருக்கே ஞாபகம் கிடையாது. புது நோயாளி வந்தால் பெட்டியில் அடுத்து இருக்கும் கவரை எடுத்து, அதன்மேல் அவர் பெயரை எழுத வேண்டும். எழுதிய பிறகுதான் கிழிக்க வேண்டும். உள்ளே இருக்கும் சீட்டு என்ன சொல்கிறதோ அதுதான் வைத்தியம். பெட்டிச் சாவி என்னிடம் இருந்தது.

"டாக்டருக்குத் தெரியாததா கவருக்குத் தெரியும்? இது என்ன கூத்து சார்?" என்று முதல் வாரமே கேட்டுவிட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் எங்களை உட்கார வைத்து ஆளுக்கொரு காசும் தாளும் தந்தார். ஐம்பது தடவை சுண்டிப்போட்டு, பூவா தலையா என்று வரிசையாக எழுத வேண்டுமாம். நான் எண்ணெய்ச் சட்டியில் விழுந்த வடை போலக் குனிந்து நிமிர்ந்து காசு பொறுக்கினேன். ஆறுமுகம் கெட்டிக்காரர். வெற்றிலையை மென்றுகொண்டே, காசைத் தொடாமல், மனசுக்குத் தோன்றியபடி எழுதிக் கொடுத்துவிட்டார். இவர் இரண்டு தாளையும் பார்த்தார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"அண்ணாச்சி, நீங்க சுண்டலியே."

"யார் சொன்னா? ஐம்பதும் சுண்டினேம்லா!"

"உங்க தாள்ல மூணு தலை சேந்தாப்புல ஒரு எடத்துலகூட விழல. சிஸ்டர் தாள்ல ஆறு பூ வரிசையா விழுந்திருக்கு. காசுக்கு வெக்கம் கிடையாது அண்ணாச்சி, ஒரே பக்கமா விழுந்துக்கிட்டே இருக்கும். மனுஷனுக்குத்தான் அங்க கொஞ்சம் இங்க கொஞ்சம்னு சரிக்கட்டத் தோணும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "டாக்டரையே தேர்ந்தெடுக்கச் சொன்னா, பாவம்னு தோணுறவங்களுக்குப் புது மருந்து கொடுப்பாரு. மோசமா இருக்கவங்க எல்லாரும் ஒரே பக்கம் சேந்துருவாங்க. அப்புறம் ஆள் போனது நோயாலயா மருந்தாலயான்னு யாராலயும் சொல்ல முடியாது. கவருக்கு யார் மேலயும் பாவம் கிடையாது. அதான் கவர்."

எனக்குப் புரிந்தது. புரிந்தது என்றுதான் நினைத்தேன்.

சீசன் வந்தால் குற்றாலத்தில் நடக்க இடம் இருக்காது. பேரருவிக்குப் போகிற வழியில் எண்ணெய் தேய்க்கிற ஆள் ஒருவர் எங்களைப் பிடித்துக்கொண்டார். எங்கள் சோலி என்ன என்று தெரிந்ததும் அவருக்குச் சிரிப்பு. "காசத்துக்கா ஊசி போடுதீங்க? நாப்பத்தோரு நாள் இங்கன தண்ணில நின்னா ஓடிப்போயிரும் சார். என் கண்ணால பாத்திருக்கேன். எத்தனை பேரு தேறி, மறு வருஷம் வந்து என்னையக் கும்பிட்டுட்டுப் போயிருக்காவ!"

"தேறாதவங்க எத்தனை பேரு அண்ணாச்சி?" என்று இவர் கேட்டார்.

"அப்படி யாரும் வரலியே."

"எப்படி வருவாங்க?" என்றார் இவர். அந்த ஆள் எண்ணெய்க் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். அன்றைக்கு அவருக்கு வியாபாரம் கெட்டது என்றுதான் நினைக்கிறேன். வாயைத் திறந்தாலே எங்கேயாவது ஒரு சாவு வந்து உட்கார்ந்துகொள்ளும், அப்படி ஒரு மனுஷன்.

அவர் அலமாரியில் எல்லா நோயாளிக்கும் ஓர் அட்டை உண்டு. வர வேண்டிய நாளில் வராதவரின் அட்டையைத் தனியே எடுத்து மேஜைமேல் வைப்பார். மேஜை காலியாகாமல் வீட்டுக்குப் போக மாட்டார். சைக்கிளிலும் பஸ்ஸிலுமாகக் கடையம், கீழப்பாவூர், புளியரை என்று அலைவார். வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீடு. அங்கேயும் தெரியாவிட்டால் கிராம முன்சீப்பிடம் போய்ச் சாவுப் பதிவேட்டைக் கேட்பார். கிறிஸ்தவர் என்றால் சர்ச்சைப் பார்த்துக்கொள்கிற கோயில் குட்டியாரிடம் அடக்கம் பண்ணிய விவரம் கேட்பார். சில தடவை நானும் கூடப் போயிருக்கிறேன். கடையத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில், வாசலிலேயே ஒரு அம்மா மாரில் அடித்துக்கொண்டாள். "எம்புள்ள செத்து ஒரு மாசம் ஆச்சு. இப்ப எதுக்குய்யா அவனத் தேடி வந்திருக்கீரு?" இவர் கையைக் கட்டிக்கொண்டு அவள் ஓயும்வரை நின்றார். பிறகு என்ன தேதி, கடைசியில் ரத்தம் வந்ததா, மாத்திரை மிச்சம் இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டு எழுதிக்கொண்டார். எனக்கு அவரை அங்கேயே அறைய வேண்டும் போல இருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே வந்தார்.

இதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை. ஊசிக்காரர்களை ஒருநாள் விட்டு ஒருநாள் பார்ப்பேன். அவர்கள் மெலிவது, இருமுவது, படியேற முடியாமல் உட்காருவது எல்லாம் என் கண்முன்னால் நடந்தது. மாத்திரைக்காரர்கள் மாதம் ஒருமுறை வருவார்கள். வருகிறவர்கள் தெம்பாக வருவார்கள். கன்னத்தில் சதை வைத்து, பூ வைத்து, "சொகமா இருக்கேன் சிஸ்டர்" என்று சிரித்துக்கொண்டு வருவார்கள். புது மாத்திரைதான் உயிர் கொடுக்கிற மருந்து என்று என் மனசில் விழுந்துவிட்டது. வர முடியாமல் பாயில் கிடந்தவர்கள் என் கணக்கில் இல்லை. அவர்கள் அட்டைகள் அவர் மேஜைமேல்தான் இருந்தன. நான் அந்த மேஜையைத் தினமும் துடைத்தேன்.

அந்த வருஷம் சாரல் விடாமல் அடித்தது. பங்களாவில் சுவரெல்லாம் நீர் கோத்தது. உப்பு ஜாடி ஒழுகியது, துணி காயவில்லை, அட்டைகள் பூசணம் பிடித்தன. ஆறுமுகம் கரி அடுப்பை மூட்டி அதைச் சுற்றிக் கொடி கட்டி அட்டைகளைக் காயப்போட்டார். ஒருநாள் பெட்டியைத் திறந்தபோது பார்த்தேன், கவர்களின் பசை விட்டிருந்தது. விரல் பட்டாலே மூடி எழும்பியது. உடனே அவரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லலாம் என்றுதான் பெட்டியை மூடினேன்.

அன்றைக்கென்று கீழப்பாவூரிலிருந்து பேச்சி வந்தாள். பீடி சுற்றுகிறவள், இருபது வயது இருக்காது. இடுப்பில் நாலு மாதக் கைக்குழந்தை. எலும்பும் தோலுமாக இருந்தாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, "எக்கா, ஊசின்னா ஒருநாள் விட்டு ஒருநாள் வரணுமாமே? இந்தப் பிள்ளையத் தூக்கிட்டு நான் எப்படி வருவேன்? வீட்டுல பீடிக்கட்டு குறைஞ்சா மாமியா கொன்னுருவா" என்று அழுதாள். நான் உள்ளே போனேன். அடுத்த கவரின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். 'ஊசி'. அதற்கு அடுத்ததைப் பார்த்தேன். 'மாத்திரை'.

சீட்டை மட்டும் மாற்றி வைத்தேன். மத்தியானச் சாப்பாட்டுச் சோற்றுப் பருக்கையை நசுக்கி இரண்டையும் ஒட்டினேன். பேச்சியைக் கூப்பிட்டு, சட்டப்படி பெயரை எழுதி, சட்டப்படி கிழித்தேன். மாத்திரை என்றதும் அவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம். மற்ற கவர்களையும் ஒழுங்காக ஒட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். அந்த அடுத்த கவரில் ஓர் ஆள் இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. எப்படித் தோன்றும்? அந்த ஆள் இன்னும் வரவில்லையே.

இடையில் புது நோயாளி யாரும் வரவில்லை. மூன்றாம் நாள் கவர் சார் தன் சம்சாரத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

கோமதியை எனக்கு முன்பே தெரியும். மேலகரத்தில் அவர்கள் குடியிருந்த வீட்டுக்குப் போனால் காப்பி தராமல் விட மாட்டாள். அவரை அவ்வளவு கிண்டல் பண்ணுவாள். "எங்க வீட்டுக்காரவுக கோயிலுக்குப் போனா சாமியப் பாக்க மாட்டாவ அக்கா. எந்த வெளக்கு எரியலன்னு பாத்துட்டு வருவாவ" என்பாள். ஒரு மாதமாக இருமலாம். சளியைச் சோதித்த ஆறுமுகம் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை எடுக்காமலே இருந்தபோதே அது காசம் என்று தெரிந்துவிட்டது.

பெரிய டாக்டர் நல்ல மனுஷன். கவர் சாரைத் தனியே கூப்பிட்டு, "உங்க சம்சாரத்த இதுல சேக்க வேண்டாம். நேரா மாத்திரையே கொடுத்துருவோம்" என்றார். கதவு திறந்திருந்தது. எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"மாத்திரைதான் மேல்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"

"தெரியாது. ஆனாலும்..."

"தெரியாதுன்னுதான மத்த எல்லாருக்கும் கவரக் கொடுக்கோம்? இவளுக்கு மட்டும் தெரிஞ்ச மாதிரி கொடுத்தா, மத்தவங்ககிட்ட நாம சொன்னது பொய்யாயிரும்லா? அவகிட்டயும் கேட்டுட்டேன். கவரே எடுக்கட்டும்."

நாற்காலியில் இருந்த கோமதி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "என் தலையெழுத்தையும் கவர்ல போட்டு ஒட்டி வச்சிருக்காவளா அக்கா? எடுங்க, பாப்போம்."

அடுத்த கவர் எது என்று எனக்குத் தெரியும். உள்ளே என்ன என்றும் தெரியும். அவர் எதிரே நின்றுகொண்டிருந்தார். 'இந்தக் கவர் நனைஞ்சு கெட்டுப்போச்சு சார்' என்று ஒரு வார்த்தை போதும். அவர் காரணம் கேட்டிருப்பார். எல்லாக் கவரையும் பார்த்திருப்பார். சோற்றுப் பசையைப் பார்த்திருப்பார். வேலை போகும், மானம் போகும் என்று பயந்தேன். ஆண்டவரே, அவ்வளவுதான் காரணம், வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை. கோமதி என்று எழுதினேன். 'தி' கோணலாக விழுந்தது.

"கிழிங்க சிஸ்டர்" என்றார்.

கிழித்தேன். "ஊசி" என்று நானே வாசித்தேன்.

அவர் தலையை ஆட்டி அட்டையில் குறித்துக்கொண்டார். கோமதி, "போச்சு, உங்க கைல மாட்டிக்கிட்டேனா!" என்றாள்.

முதல் மாதம் அவளே நடந்து வந்தாள். இரண்டாம் மாதம் பஸ்ஸில் வந்தாள். அதற்கப்புறம் நான் மேலகரத்துக்குப் போய் ஊசி போட்டேன். இளைத்துக்கொண்டே போனாள். டாக்டர் நெஞ்சை எக்ஸ்ரே படமெடுத்துப் பார்த்து, அடுத்த வாரமும் இப்படியே இருந்தால் மருந்தை மாற்றிவிடுவோம் என்றார். அதற்கு விதியில் இடம் இருந்தது. எனக்கு மூச்சு வந்தது. அந்த அடுத்த வாரம் வரவில்லை. ஒருநாள் காலையில் நான் அடுப்பில் ஊசியைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன். "அக்கா, முந்தாநேத்து வலது பக்கம். இன்னைக்கு எடது" என்று புரண்டு படுத்தாள். இருமல் வந்தது. பிறகு ரத்தம். நான் பிடித்த பாத்திரம் போதவில்லை. அவர் அவள் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தார். அவர் சட்டையெல்லாம் ரத்தம். தண்ணீர் கொதித்து வற்றி, ஊசிச் சட்டி கருகுகிற வாடை வந்தபோதுதான் அடுப்பை அணைத்தேன். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் வேலைக்கு வந்தார். மொட்டைத் தலையும் கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டையுமாக மேஜையில் உட்கார்ந்து, இருந்த அட்டைகளைப் பார்த்தார். முதல் அட்டை பேச்சி. இரண்டு மாதமாக வரவில்லை; கோமதி படுத்ததிலிருந்து தேடிப் போகவும் ஆள் இல்லை.

"இப்ப போகணுமா சார்? ஒரு வாரம் கழிச்சுப் போகலாமே" என்றேன்.

"ஒரு வாரத்துல எதும் ஆயிட்டா?" என்றார்.

கீழப்பாவூரில் கேட்டால், மாமியாரோடு சண்டை போட்டு சிவகிரியில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள் என்றார்கள். அவரோடு நானும் பஸ் ஏறினேன். பேச்சி உயிரோடு இருந்தாள். தேறவும் இல்லை, மோசமாகவும் இல்லை. பக்கத்தில் அவள் அம்மா சுருண்டு கிடந்து இருமிக்கொண்டிருந்தாள். மாத்திரை டப்பாவை வாங்கி இவர் எண்ணினார். சாப்பிட்டிருக்க வேண்டியதில் பாதிதான் போயிருந்தது.

"அதுலயும் ஆளுக்குப் பாதி சார்" என்றாள் பேச்சி, பயந்துகொண்டே. "அம்மைக்கும் இதே இருமல்லா? அவ கெடக்க நான் மட்டும் எப்படித் திங்க?"

அவர் திட்டவில்லை. அம்மாவின் சளியையும் வாங்கிக்கொண்டார். எனக்கோ உள்ளே தீப்பிடித்தது. எந்த மாத்திரைக்காக நான் அந்தப் பாவத்தைச் செய்தேனோ, அது இரண்டாகப் பிட்டு இரண்டு பேரையும் காப்பாற்றாமல் கிடந்தது. அவளைக் கோபிக்கவும் முடியவில்லை. நான் செய்ததைத்தானே அவளும் செய்திருக்கிறாள்!

பஸ்ஸுக்கு நிற்கும்போது, "இவளை எதுல சார் சேப்பீங்க? மாத்திரையே ஒழுங்கா திங்கலியே, கணக்குலேர்ந்து எடுத்துர வேண்டியதுதான?" என்று கேட்டேன்.

"குலுக்கல்ல எது விழுந்துச்சோ அதுலதான். தின்னாலும் அதுல, திங்காட்டியும் அதுல. ஒழுங்கா தின்னவங்கள மட்டும் வச்சுக்கிட்டா எந்த மருந்தும் நல்ல மருந்தாத்தான் தெரியும் சிஸ்டர். ஊர்ல இருக்கது பேச்சி மாதிரி ஆளுகதான?"

அடுத்த வருஷம் எல்லோருடைய கெடுவும் முடிந்தபின், பட்டணத்திலிருந்து அந்த மூலப் பட்டியல் பதிவுத் தபாலில் வந்தது. அவர் ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்தார். இரண்டு எண்கள் மட்டும் உதைத்தன. பட்டியலில் 'ஊசி' என்றிருந்த கவரில் 'மாத்திரை' வந்திருந்தது. அடுத்ததில் 'மாத்திரை'க்குப் பதில் 'ஊசி'. அடுத்தடுத்த எண்கள். பேச்சி, கோமதி.

அவருக்கு என்மேல் சந்தேகமே வரவில்லை. சீட்டுகளைக் கவரில் போட்டது அவர் கை. தானே மாற்றிப் போட்டுவிட்டோம் என்று முடிவு கட்டிவிட்டார். தான் எழுதிய சீட்டுகளை எல்லாம் மேஜைமேல் பரப்பி, அன்றைக்கு எந்த இடத்தில் கவனம் பிசகியது என்று தேடிக்கொண்டே இருந்தார். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. ஆறுமுகம் போய்த் தோளைத் தொட்டதும், "அவளுக்கு மாத்திரை வந்திருக்கணும் அண்ணாச்சி. என் கைதான் மாத்திப் போட்டிருக்கு" என்றார். ஆறுமுகம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

மூன்று நாள் நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று நாளும் ஊசி போட்டேன், சாப்பிட்டேன், வீட்டுக்குப் போனேன். நாலாம் நாள் காலையில் அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"சார், அது நீங்க இல்ல. நான்."

எல்லாவற்றையும் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னதால் பாதி விளங்கியிருக்காது. முடிந்ததும், "எதால ஒட்டுனீங்க?" என்று கேட்டார்.

"சோத்தால."

கிழித்த கவர் இரண்டையும் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். காய்ந்த பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. அவற்றை வைத்துவிட்டு, "மாத்திரைதான் நல்லதுன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றார்.

"மாத்திரை சாப்பிட்டு வந்தவங்கள்லாம் தேறி வந்தாங்களே சார்..." என்று ஆரம்பித்தேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் நாக்கு நின்றுவிட்டது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"சார், மாத்திரை கொடுத்திருந்தா அவ பொழைச்சிருப்பாளா? அது மட்டும் சொல்லுங்க."

அவர் மேஜைமேல் இருந்த அட்டைகளை அடுக்கினார். "தெரியாது சிஸ்டர். கூட்டத்துக்குத்தான் சொல்ல முடியும். நூறு பேருக்குக் கொடுத்தா எத்தனை பேருன்னு சொல்லலாம். ஒருத்திக்குச் சொல்ல ஒரு கணக்கும் கிடையாது. மாத்திரை தின்னும் போனவங்க இருக்காங்க. ஊசியிலயும் பொழைச்சவங்க இருக்காங்க. அவ எதுல இருந்திருப்பான்னு..." முதன்முதலாக அவர் சட்டையின் கழுத்துப் பொத்தானைக் கழற்றினார்.

பிறகு, "டாக்டர்கிட்ட நீங்க சொல்லுதீங்களா, நான் சொல்லவா?" என்றார்.

"நானே சொல்லுதேன்."

"சரி."

முடிவெழுதும் பெரிய தாளை விரித்தார். இரண்டு பத்திகள், ஊசி ஒன்று, மாத்திரை ஒன்று. இறந்தவர்கள் வரிசையில், ஊசிப் பத்தியில் இருந்த கோமதியின் பெயரை அளவுகோல் வைத்து அடித்தார். பேனாவை மையில் தோய்த்து, மாத்திரைப் பத்திக்குக் கொண்டுபோனார்.

"என்ன செய்யுதீங்க சார்?" என்று கத்திவிட்டேன். "அவ ஒரு மாத்திரைகூடத் திங்கலியே! அவள எதுக்கு அங்க எழுதுதீங்க?"

"குலுக்கல்ல அவளுக்கு விழுந்தது இதுதான்."

"உங்க பொண்டாட்டி சார்!"

"அதுக்காக மாத்த முடியாதுல்லா" என்றார், அதே சந்தேகம் கேட்கிற முகத்தோடு.

எழுதினார். அவர் எழுத்து எப்போதும் போலக் குண்டு குண்டாக, நேராக இருந்தது. மை காயும்வரை தாளைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் அந்த மாதமே வேறு ஊருக்கு மாற்றப்பட்டேன். அவரைப் பிறகு பார்க்கவில்லை. கோமதி ஒரு மாத்திரையைக்கூட நாக்கில் வைத்ததில்லை. அந்த மாத்திரை தின்றும் போன உயிர்களில் ஒன்றாகத்தான் அவள் பெயர் பட்டணத்துக்குப் போனது. எழுதியது அவர் கை. எழுத வைத்தது நான்.